மூச்சிரைத்தால் தூசிதான் காரணமா?

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து விருத்தாசலம் பீங்கான் பட்டறைக்குப் போய்வருகிறவருக்கு மூச்சிரைத்தால், 'எல்லாம் தூசிதாம்ப்பா' என்று முடித்துவிடுகிறோம். தூசியும் காரணமாகலாம். ஆனால், 'முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்ததா?' என்று யார் கேட்கிறோம்?

கரையாத உறைவு தழும்பாகி நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்தால், அங்கே அழுத்தம் கூடி, இதயத்தின் வலதுபக்கம் தளர்ந்துபோகும். உறைவு வந்ததே தெரியாதவர்களுக்கும் இது வரலாம்.

உறைவுக்கு 3 மாதம் மருந்து சாப்பிட்டும் இளைப்பு தீரவில்லையா? எக்கோவோடு நின்றுவிடாதீர்கள். நுரையீரலில் காற்றும் ரத்தமும் பரவுவதைக் காட்டும் வி.க்யூ. ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

அடைப்பை உரித்தெடுக்கும் ஆபரேஷன் சென்னையிலேயே நடக்கிறது, குணமாகவும் வாய்ப்புண்டு. ஆபரேஷன் ஒத்துவராதவர்களுக்கு பலூன் சிகிச்சையும் ரியோசிகுவாட் மாத்திரையும் இருக்கின்றன. தூசிமேல் பழிபோட்டு, பிழைக்கக்கூடிய உயிரைக் கோட்டை விடலாமா?