வீட்டிற்குள் ஒரு பாலை

பிரிவு தமிழர்க்குப் புதிதன்று. ஓதல், பகை, தூது, பொருள் எனப் பிரிவின் கரணியங்களை வகுத்து, அதற்குப் பாலை என ஒரு திணையும் அமைத்தோர் அவர். ஆயின், ஒரே கூரையின்கீழ்க் கணவனும் மனைவியும் கதவடைத்துப் பிரிந்திருக்கும் பிரிவைத் தொல்காப்பியரும் கண்டிலர். அதனைக் காட்டியது, கொரோனா எனப்பட்ட மகுடைப் பெருந்தொற்று.

2020 மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் நள்ளிரவு முதல் நாடே அடைக்கப்பட்டது. மே திங்களில், சென்னையில் தொற்று மிகுந்த மண்டலங்களுள் ஒன்றாயிற்று கோடம்பாக்கம். படப்பிடிப்புகள் நின்றன, நாட்கூலியால் வாழ்ந்த திரைத்தொழிலாளர் பணியிழந்தனர். நகரில் தொற்றுற்றோர் வீட்டு வாயில்களில் தகரம் அடிக்கப்பட்டது. ஓர் அறையும் ஓர் அடுக்களையுமே வீடாக உடையோர் எங்கே பிரிவர்? பிள்ளைகளும் முதியோரும் இரவும் பகலும் உடனிருக்க, இணையர்க்குத் தனிமை ஏது? நோயுற்றார்க்குத் தீண்டலே அச்சமாயிற்று. நோயிலார்க்கு நெருக்கமே சினமாயிற்று. பெண்டிர்மீதான இல்லத்து வன்முறை பற்றிய முறையீடுகள் பெருகியதாக இந்திய அரசின் மகளிர் ஆணையம் அவ்வாண்டு ஏப்பிரலிலேயே அறிவித்தது.

இந்நிலையில் ஆள்வோர் தந்த சொல் யாது? 'சமூக விலகல்'! ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்த அடிமைச்சொல். மாந்தனை மாந்தன் விலக்கிவைத்த தீண்டாமைக் கொடுமையை நூற்றாண்டுகளாகச் சுமந்த மண்ணில், இச்சொல்லை ஆள நாக்கூசவில்லையா? உலக நலவாழ்வு அமைப்பே 2020 மார்ச்சில், உடல் இடைவெளி எனப் பொருள்படத் தன் சொல்லை மாற்றிக்கொண்டது. விலக வேண்டியது மெய், உள்ளம் அன்று.

நியூயார்க்கு நகர நலவாழ்வுத்துறை, இணையர் கூடுவது பற்றி அதே மார்ச்சில் வெளிப்படையான அறிவுரைத்தாள் வெளியிட்டது. இங்கோ, கைகழுவலும் முகவுறையுமே பெரிதும் பேசப்பட்டன. நலம்பெற்றபின் எத்துணை நாள் பொறுப்பது, அஞ்சிய மனைவி மறுத்தால் அம்மறுப்பை எங்ஙனம் மதிப்பது என்பவற்றை எளிய குடும்பங்கட்கு எடுத்துரைத்தார் யார்?

காமம் பற்றிப் பேசுதல் தமிழ்ப்பண்பன்று என்பர் சிலர். பொய்! இன்பத்திற்கென ஒரு பாலையே வகுத்தது திருக்குறள். 1986-இல் எய்ட்சு நச்சுயிரி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் சென்னையிலேதான். பின்னாளில் புள்ளிராசா விளம்பரம் தெருவெல்லாம் தமிழில் பேசிற்று, நாடு கேட்டது. அன்று இயன்றது இன்று ஏன் இயலாது?

அடுத்த கொள்ளைநோய் வருமுன், இணையர்க்கான அறிவுரையை எளிய தமிழில் எழுதி அணியமாக வைத்தல் அரசின் கடன். அதனை எழுதும் மருத்துவர்க்குச் சொல் தருதல் தமிழாசிரியர் கடன். அகத்தைப் பாடிய மொழி, அகத்தின் துயர் கண்டு வாய்மூடி நிற்பதோ?