பெஞ்சில் உட்கார்ந்த கிரெட்ஸ்கி

1998 நாகானோ ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கி அரையிறுதியில் கனடா தோற்றதற்கு ஒரே காரணம், ஷூட்அவுட்டுக்கு நட்சத்திர வீரர் கிரெட்ஸ்கியை அனுப்பாத பயிற்சியாளர் மார்க் கிராஃபோர்டுதான் என்கிறார் நண்பர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆட்டத்தைப் பார்த்தாரா என்பதுதான் சந்தேகம்.

கிரெட்ஸ்கியை விட்டுவிட்டு, தடுப்பாட்டக்காரர் ரே போர்க்கை அனுப்பியது வினோதம்தான், மறுக்கவில்லை. ஆனால் போன ஐந்து பேரையும் செக் கோல்கீப்பர் ஹாஷெக் தடுத்தார். ஆறாவதாக ஒருவர் போயிருந்தால் மட்டும் வழிவிட்டிருப்பாரா? அவர் அன்றைக்கு இருந்த இருப்பு அப்படி.

ஷூட்அவுட்டுக்கு முந்தைய 70 நிமிடங்களை நண்பர் ஏன் தொடவே இல்லை? அதில் கனடா போட்டது ஒரே கோல். அதுவும் ஆட்டம் முடிய 63 நொடி இருக்கையில் டிரெவர் லிண்டன் அடித்தது. ஜோ சாக்கிக் முழங்கால் காயத்தால் இல்லை. பால் கரியா தலைக்காயத்தால் நாகானோவுக்கே வரவில்லை. களமோ வட அமெரிக்க என்ஹெச்எல் லீக்கின் களத்தைவிட நாலு மீட்டர் அகலம். அங்கே முட்டி மோதுகிறவரைவிட சறுக்கிப் பாஸ் கொடுக்கிறவருக்கே மதிப்பு. அப்படியானால், அந்தக் களத்துக்கு அணியைத் தேர்ந்த பாபி கிளார்க்கை அல்லவா முதலில் கேட்க வேண்டும்? கிராஃபோர்டு பின்னால் நிற்பதற்கு முன்பே அந்த பெஞ்ச் நிரம்பிவிட்டது.

2002இல் தேர்வுப் பொறுப்பு கிரெட்ஸ்கி கையில். கனடாவுக்கு 50 ஆண்டுக்குப் பிறகு தங்கம். அப்போதும் அவர் ஒரு பெனால்டிகூட அடிக்கவில்லை.