படத்தைக் காட்டாமலே தடுக்கலாம்



கிளிநொச்சி, முல்லைத்தீவு மாதர் கூட்டங்களில் அண்மைக்காலமாக ஒரு கேள்வி தாழ்ந்த குரலில் வருகிறது. “என்ர படத்தை வைச்சு வெருட்டுறான் அக்கா. முறையிடப் போனால் அதை எத்தனை பேருக்குக் காட்ட வேணும்?” யுத்தத்தில் கணவனை இழந்து பிள்ளைகளோடு தனித்திருக்கும் பெண்ணின் இந்தப் பயத்தை வெருட்டுபவனும் நன்கறிவான்.

படத்தை யாருக்கும் காட்டாமலே தடுக்க ஒரு வழி உண்டு. அது கணனித்துறையிலிருந்து வந்தது.

எந்தக் கோப்பையும் ஒரு கணக்குமுறைக்குள் செலுத்தினால் அதற்குரிய குறியீடு கிடைக்கும். இதனை ‘ஹாஷ்’ என்பர். கோப்புக்கு அது கைரேகை போன்றது. இடித்த மாவிலிருந்து அரிசியைத் திரும்பப் பெற முடியாததுபோல, குறியீட்டிலிருந்து கோப்பை மீட்க முடியாது. அமெரிக்கத் தேசிய தர, தொழில்நுட்ப நிறுவனம் அறியப்பட்ட மென்பொருள் கோப்புகளின் குறியீடுகளைத் தொகுத்து வைத்துள்ளது. கைப்பற்றிய கணனியில் அவற்றோடு பொருந்தும் கோப்புகளைப் புலனாய்வாளர்கள் திறந்து பாராமலே ஒதுக்கிவிட்டு, மிகுதியை ஆராய்கிறார்கள்.

இதே முறையில் 2021 டிசெம்பரில் ‘ஸ்டொப் என்.சி.ஐ.ஐ.’ என்ற இணையத்தளம் பிரித்தானியாவில் ஆரம்பிக்கப்பட்டது. 18 வயதுக்கு மேற்பட்டவர் தமது அந்தரங்கப் படத்தை அதில் தெரிவு செய்தால், குறியீடு அவரது கைத்தொலைபேசியிலேயே உருவாகும். படம் அங்கேயே இருக்கும். குறியீடு மட்டுமே போகும். பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற பங்குபற்றும் நிறுவனங்கள் அதனோடு பொருந்தும் படத்தைக் கண்டறிந்து அகற்றலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் படங்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்ற அமெரிக்கச் சேவை உள்ளது.

மென்பொருள் கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் குறியீடு முற்றாக மாறிவிடும். ஆகவே படங்களுக்கு வேறொரு கணக்குமுறை பயன்படுகிறது. படத்தைச் சிறிதாக்கினாலும் அது அடையாளங்காணும். ஆனால் வெகுவாக வெட்டி மாற்றிய படம் தப்பக்கூடும். பங்குபற்றாத தளங்களிலும் இது பயன்தராது.

முக்கியமான விடயம் ஒன்று. படம் உங்களிடம் இருந்தால்தான் குறியீடு எடுக்கலாம். பதற்றத்தில் அதனை அழித்துவிடாதீர்கள். அவன் அனுப்பிய வெருட்டல் செய்திகளையும் அழிக்காதீர்கள், அவை சாட்சியம். அவன் கேட்கும் காசைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடியும் கேட்பான். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் நாடலாம்.

நீங்கள் வாய் திறக்கமாட்டீர்கள் என்பதுதான் அவனுடைய பலம்.