விழுந்தவருக்கு எத்தனை புள்ளி?

பனித்தளச் சறுக்கு நடனப் போட்டிகளைப் பார்ப்போர் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. விழுந்தவர் சிலவேளை வெல்கிறாரே, இது நியாயமா? நியாயமே என்பது என் கருத்து.

சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு அட்டவணைப்படி, அந்தரத்தில் நான்கு முறை சுழலும் லுட்ஸ் பாய்ச்சலின் அடிப்படைப் புள்ளி 11.50. முழுமையாகச் சுழன்றபின் விழுந்தால் அதிற் பாதி போய்விடும். விழுந்தமைக்காக மேலும் ஒரு புள்ளி கழியும். எஞ்சுவது 4.75. மூன்று முறை சுழலும் டோ லூப் பாய்ச்சலுக்கு அடிப்படைப் புள்ளியே 4.20 தான். கடினமானதை முயன்றவருக்கு அதற்குரிய பலன் கிடைக்கத்தான் வேண்டும்.

என்னை உறுத்துவது வேறொன்று. 2002 சோல்ட் லேக் சிற்றி ஒலிம்பிக்கில், இணையர் பிரிவுத் தங்கம் 5க்கு 4 என்ற மத்தியஸ்தர் கணக்கில் ரஷ்யாவுக்குச் சென்றது. தமக்கு நெருக்குதல் இருந்ததாகப் பிரெஞ்சு மத்தியஸ்தர் கூறியதையடுத்து எழுந்த சர்ச்சையில், கனடா இணையருக்கும் தங்கம் வழங்கப்பட்டது. 6.0 என்ற பழைய முறையும் போய், 2004இல் புதிய முறை ஏற்கப்பட்டது. ஆனால், நெருக்குதலைத் தடுப்பதாகக் கூறி, எந்தப் புள்ளியை எவர் இட்டார் என்பதையும் மறைத்துவிட்டார்கள்! 2014இல் சோச்சியில் கிம் யூனாவைச் சொட்னிகோவா வென்றபோது ஐயங்கள் எழுந்தன. அவற்றைச் சரிபார்க்கப் பார்வையாளருக்கு வழியிருக்கவில்லை. 2016இல்தான் அந்த மறைப்பு நீக்கப்பட்டது.

பெயரற்ற கடிதத்தை நம்பிச் செய்தி எழுதாதே என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். மத்தியஸ்தத்துக்கும் அது பொருந்தும். பாய்ச்சலிற் கால் சுற்றுக் குறைந்ததா என்பதை ஒளிப்பதிவை மீளப் பார்த்து அறியலாம். ஆட்டத்தின் அழகை மனிதர்தான் மதிப்பிட வேண்டும். அவர்கள் தம் பெயரோடு மதிப்பிடட்டும்.