“சார்... ஒரு மாப் குறையுது!” - ஆபரேஷன் தியேட்டரில் ஒலிக்கும் சின்னக் குரல்

ஆபரேஷன் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. வயிற்றுக்குள் செய்ய வேண்டிய வேலையெல்லாம் ஆயிற்று, இனி தையல் போட வேண்டியதுதான் பாக்கி. காலையிலிருந்து இது மூன்றாவது கேஸ். அடுத்த நோயாளி வெளியே ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மயக்க மருந்து டாக்டர் ஒருமுறை கடிகாரத்தைப் பார்க்கிறார். சர்ஜன் தலையைத் தூக்காமலே ஊசி நூலுக்காகக் கையை நீட்டுகிறார்.

நூல் வரவில்லை. குரல் மட்டும் வருகிறது.

“சார்... ஒரு மாப் குறையுது.”

எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும், எந்த நாளிலும் நடக்கக்கூடிய காட்சி இது. சொன்னவர் ஸ்டாஃப் நர்ஸ். அந்த அறையில் அதிகம் படித்தவர் அவர் இல்லை, அதிக சம்பளம் வாங்குபவரும் இல்லை. நோயாளியின் குடும்பம் நன்றி சொல்லப்போவது சர்ஜனுக்கு. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் ஸ்வீட் பாக்ஸ் போவதும் சர்ஜன் ரூமுக்குத்தான். ஆனால் அடுத்த ஐந்து நிமிடம் அந்தத் தியேட்டரில் என்ன நடக்க வேண்டும் என்பதை முடிவு செய்தது அந்த நர்ஸின் நாலே வார்த்தைகள்.

மாப் என்றால் தரை துடைக்கிற மாப் இல்லை. வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன்களில் ரத்தத்தை ஒற்றியெடுக்கவும், குடலை ஒதுக்கிப் பிடிக்கவும் பயன்படுத்தும் கெட்டியான துணி. உள்ளே போகும்போது வெள்ளையாக இருக்கும். ரத்தத்தில் ஊறிச் சுருண்டுவிட்டால், எது துணி, எது சதை என்று அனுபவசாலிக் கண்ணுக்கே சட்டென்று தெரியாது. அப்படி ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால் சீழ் பிடிக்கும், குடலை அடைக்கும். சில நேரம் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, ஒருநாள் தீராத வயிற்றுவலியாக வரும். பிறகு அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன்.

அதனால்தான் எண்ணுகிறார்கள். கத்தி வைப்பதற்கு முன்பே ஸ்டெரைல் கவுன் போட்ட ஸ்க்ரப் நர்ஸும், வெளியே நின்று பொருள்களை எடுத்துத் தரும் நர்ஸும் சேர்ந்து வாய்விட்டு எண்ணுவார்கள். மாப் இத்தனை, காஸ் இத்தனை, ஊசி இத்தனை, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் இத்தனை. சுவரில் இருக்கும் போர்டில் அது ஏறும். நடுவில் புதுக் கட்டு பிரித்தால் அதுவும் கணக்கில் சேரும். வயிற்றை மூடும் முன் ஒருமுறை, தோலைத் தைக்கும் முன் மறுபடி ஒருமுறை. கல்யாண வீட்டில் சமையல்காரருக்குக் கொடுத்த பாத்திரங்களை எண்ணித் திரும்ப வாங்குகிற பெரியம்மாவின் வேலை மாதிரிதான். ஆனால் இங்கே ஒரு கரண்டி குறைந்தால் போகட்டும் என்று விட முடியாது.

கேட்க சுலபமாக இருக்கிறது. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லும் நேரத்தை யோசித்துப் பாருங்கள். எல்லோரும் களைத்திருப்பார்கள். சர்ஜன் சீனியர். “நல்லா எண்ணுனீங்களா? நான் உள்ளே எதுவும் விடலையே” என்று அவர் எரிச்சல்படலாம். சொன்ன பிறகு அது வாளியிலேயே கிடந்தால், ‘எல்லோர் நேரத்தையும் வீணாக்கிவிட்டார்’ என்று பெயர் வரும். பேசாமல் ‘கரெக்ட்’ என்று எழுதிவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அப்படித்தான் நடந்தும் இருக்கிறது. அமெரிக்க சர்ஜன் அதுல் கவாண்டேவும் அவர் சகாக்களும் 2003-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். உடலுக்குள் ஏதாவது பொருள் தங்கிப்போன 54 நோயாளிகளின் கேஸ்களை அதில் ஆராய்ந்தார்கள். அவசர ஆபரேஷனில் இந்த ஆபத்து ஒன்பது மடங்கு அதிகம். திட்டமிட்ட ஆபரேஷன் நடுவில் வேறு திசையில் போனால் நான்கு மடங்கு. அதாவது, எண்ணுவதற்கு நேரமே இல்லாத சமயத்தில்தான் எண்ணிக்கை அதிகம் தேவைப்படுகிறது. இன்னொரு விஷயம்தான் திடுக்கிட வைக்கிறது. எண்ணிப் பார்த்த கேஸ்களில் பெரும்பாலானவற்றில், கணக்கு சரியாக இருப்பதாகவே பதிவாகியிருந்தது!



வேலையிடத்தில் ‘லீடர்’ என்றால் பொதுவாக மனதில் வருவது மீட்டிங்கில் பேசுகிறவர், ஆர்டர் போடுகிறவர், போட்டோவில் நடுவில் நிற்கிறவர். தியேட்டரில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் கொஞ்சம் வேறு மாதிரி ஒரு படம் கிடைக்கும். சீனியர் சிஸ்டர் ஒருவர் இருந்தால் அந்தத் தியேட்டரின் நடையே மாறிவிடும். புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜன், கிளவுஸ் போட்ட கையால் தெரியாமல் முகக்கவசத்தைத் தொட்டுவிட்டார் என்று வையுங்கள். சிஸ்டர் எல்லோர் முன்னாலும் சத்தம் போட மாட்டார். புதுக் கிளவுஸ் பாக்கெட்டைப் பிரித்துப் பக்கத்தில் நீட்டுவார். “மாத்திக்கோங்க டாக்டர்.” அவ்வளவுதான். அந்தப் பையன் வாழ்நாளில் மறுபடி அந்தத் தப்பைச் செய்ய மாட்டான், அவமானப்பட்டதாகவும் நினைக்க மாட்டான்.

இது நல்ல குணம், பணிவு என்று பாராட்டிவிட்டுப் போய்விடலாம். அங்கேதான் சிக்கல். ஏனென்றால் அதே பணிவு தப்பான நேரத்தில் ஆளைக் கொல்லும். விமானத் துறைக்கு அது மிக மோசமான விதத்தில் தெரிய வந்தது.

1977 மார்ச் 27. ஸ்பெயினின் கேனரி தீவுகளில் ஒன்றான டெனரீஃப். பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இந்தச் சின்ன விமான நிலையத்துக்குத் திருப்பி விடப்பட்டிருந்தன. கடும் மூடுபனி. கே.எல்.எம் நிறுவனத்தின் போயிங் 747 ஓடுபாதையின் ஒரு முனையில் கிளம்பத் தயாராக நிற்கிறது. அதே ஓடுபாதையில் பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஒன்றை ஒன்று பார்க்க முடியாது. கே.எல்.எம் கேப்டன் சாதாரண ஆள் இல்லை. அந்த நிறுவனத்தில் மற்ற பைலட்களுக்கே பயிற்சி கொடுப்பவர், விளம்பரத்தில் முகம் வந்தவர். அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்து அவர் விமானத்தைக் கிளப்பிவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த ஃபிளைட் இன்ஜினீயருக்கு ரேடியோவில் கேட்டது ஏதோ இடிக்கிறது. பான் ஆம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்கிறார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வருகிறது. அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

சில விநாடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள். விமான வரலாற்றிலேயே அதிக உயிர்களைப் பறித்த விபத்து இன்றுவரை அதுதான்.

இந்த விபத்துக்குக் காரணம் ஒன்றிரண்டு இல்லை. பனி, ரேடியோ குழப்பம், அவசரம் என்று நிறைய உண்டு. ஆனால் சரியான கேள்வியைக் கேட்ட ஒருவர் அந்த காக்பிட்டுக்குள்ளேயே இருந்தார் என்பது விமானத் துறையை உலுக்கியது. அந்தக் காலகட்டத்தின் விபத்துகளை வைத்து 1979-ல் நாசா ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் விமானிகளுக்குப் புதுவிதப் பயிற்சி ஆரம்பித்தது. ஜூனியர் எப்படி வாய் திறப்பது என்று மட்டும் அதில் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜூனியர் வாய் திறந்தால் கேப்டன் எப்படிக் காது கொடுப்பது என்பதும் பாடமாக இருந்தது. இரண்டாவது பாடம்தான் கஷ்டம் என்று கேப்டன்கள் எல்லோருக்கும் தெரியும், வெளியே சொல்ல மாட்டார்கள்!



ஆஸ்பத்திரிகளுக்கு அந்தப் பாடம் வந்து சேர இன்னும் இருபது வருடம் ஆனது.

2001-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற டாக்டர் ஒரு தாளில் ஐந்தே வரி எழுதினார். ஐ.சி.யூ நோயாளிக்குக் கழுத்து போன்ற இடங்களில் பெரிய ரத்தக்குழாய்க்குள் டியூப் போடும்போது கிருமி புகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல். சோப்புப் போட்டுக் கை கழுவு, நோயாளியின் தோலை மருந்தால் சுத்தம் செய் என்ற மாதிரி, ஒவ்வொரு டாக்டருக்கும் தெரிந்த சமாசாரம். முதல் ஒரு மாதம் நர்ஸ்களிடம், சும்மா கவனித்துக் குறித்து வையுங்கள் என்று மட்டும் சொன்னார். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு டாக்டர்கள் ஏதாவது ஒரு படியைத் தாண்டிக் குதித்திருந்தார்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் பெரிய வேலை. நிர்வாகத்திடம் பேசி, டாக்டர் ஒரு படியை விட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை நர்ஸுக்கு வாங்கிக் கொடுத்தார். அதற்கு முன்னாலும் நர்ஸ்களுக்குத் தெரியும், எந்த டாக்டர் கை கழுவவில்லை என்று. சொன்னால் தன் பக்கம் யார் நிற்பார்கள் என்பதுதான் தெரியாது. அதிகாரம் கொடுத்த பிறகு, அந்த டியூப் மூலம் வரும் தொற்று ஒரு வருடத்தில் 11 சதவிகிதத்திலிருந்து கிட்டத்தட்டப் பூஜ்ஜியத்துக்கு வந்தது.

2008-ல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன்களுக்கென்று 19 அம்சப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது, இறப்பு 1.5 சதவிகிதத்திலிருந்து 0.8-க்குக் குறைந்தது. அந்தப் பட்டியலில் ஓர் அம்சம் பலருக்குச் சிரிப்பை வரவழைத்தது. கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். தினமும் பார்க்கிற முகங்கள்தானே, எதற்கு இந்த நாடகம்? காரணம் எளிமையானது. ஆரம்பத்திலேயே ஒருமுறை வாய் திறந்து பேசிவிட்டவர், பிறகு ஏதாவது தப்பாகத் தெரிந்தால் மறுபடி வாய் திறக்கத் தயங்க மாட்டார். இன்னொரு வேடிக்கை. சோதனையின் முடிவில் ஊழியர்களைக் கேட்டபோது, சுமார் 20 சதவிகிதம் பேர் இந்தப் பட்டியல் சிரமம் என்ற பக்கம்தான் இருந்தார்கள். ‘உங்களுக்கே ஆபரேஷன் என்றால்?’ என்று கேட்டதற்கு 93 சதவிகிதம் பேர், அப்போது கட்டாயம் வேண்டும் என்றார்கள்.

பட்டியல் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் இதே மாதிரிப் பட்டியல்களைக் கொண்டுவந்தார்கள். 2014-ல் ஆய்வு முடிவு வந்தது. இறப்பில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. தாளில் டிக் அடிப்பது எல்லோராலும் முடிகிறது. டிக் அடிப்பவர் நிமிர்ந்து “நிறுத்துங்க” என்று சொல்வாரா, சொன்னால் நிறுத்துவார்களா என்பது தாளில் இல்லை.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2017-ல் சென்னை டி.எம்.எஸ் வளாகத்தில் ஒப்பந்த செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டு உட்கார்ந்தது நினைவிருக்கலாம். சம்பளப் பிரச்னை என்று அது செய்தியானது. வேலையே நிச்சயமில்லாத ஒருவர், சீனியர் சர்ஜனைப் பார்த்து “சார், குறையுது” என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்ற கணக்கு எந்தச் செய்தியிலும் பெரிதாக வரவில்லை.



இதை நாமெல்லோரும் தினமும் பார்க்கும் ஓர் இடம் உண்டு. டவுன் பஸ். ஸ்டீயரிங், பிரேக், ஹாரன் எல்லாம் டிரைவர் கையில். ஆனால் வண்டி நகர வேண்டுமென்றால் பின்னால் இருக்கும் கண்டக்டர் விசில் கொடுக்க வேண்டும். ரெண்டு விசில் என்றால் போகலாம். ஒரே ஒரு விசில் என்றால் நிறுத்த வேண்டும். படிக்கட்டில் பாட்டி ஒரு காலை வைத்து, மறு கால் தரையில் இருக்கும்போது டிரைவரால் அதைப் பார்க்க முடியாது. ஒற்றை விசில் கேட்டதும் நல்ல டிரைவர் பிரேக்கை அழுத்திவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். ஏன் எதற்கு என்ற பேச்சு அப்புறம்.

விசில் ஊதத் தெரிந்தவர்கள் எல்லா ஆபீஸிலும் இருக்கிறார்கள். பில்லில் ஒரு சைபர் அதிகமாக இருப்பதைப் பார்த்துவிடும் அக்கவுன்ட்ஸ் அக்கா. ஸ்கூல் வேனில் எல்லோரும் இறங்கிய பிறகும் கடைசி சீட் வரை நடந்துபோய்க் குழந்தை யாராவது தூங்குகிறதா என்று பார்க்கும் ஆயாம்மா. அவர்களின் வேலை சரியாக நடந்த நாளில் செய்தி எதுவும் இருக்காது. அதனால் ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிடவும் யாருக்கும் தோன்றாது.

இனி அந்தத் தியேட்டர்.

“ஒரு மாப் குறையுது” என்றதும் சர்ஜன் நீட்டிய கையை மடக்கிக்கொள்கிறார். எரிச்சலா, இல்லையா என்று மாஸ்க்குக்கு மேலே தெரிவதில்லை. “சரி சிஸ்டர், பார்க்கலாம்.” வெளி நர்ஸ் வாளியில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணுகிறார். தரையைப் பார்க்கிறார், துணிக்கு அடியில் பார்க்கிறார். இல்லை. சர்ஜன் மறுபடி உள்ளே கைவிட்டு மேலிருந்து கீழாகத் தடவிப் பார்க்கிறார். அப்படியும் கிடைக்காவிட்டால் நோயாளியை மேஜையிலிருந்து இறக்கும் முன் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மாப்புக்குள் ஓடும் தனி நூல் எக்ஸ்ரேயில் கோடாகத் தெரியும்.

எக்ஸ்ரே தேவைப்படவில்லை. கல்லீரலுக்கு அடியில், ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே எடுத்துத் தட்டில் போடுகிறார்.

“இப்போ?”

“இப்போ சரி, சார்.” நூல் கோத்த ஊசி அவர் கைக்குப் போகிறது.

நோயாளி கண் விழிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்லப்போவதில்லை. நர்ஸ் போர்டில் இருந்த கணக்கை அழித்துவிட்டு, அடுத்த கேஸுக்கான மாப் கட்டைப் பிரிக்கிறார். ஒன்று... ரெண்டு... மூணு...