நூலாசிரியரின் ஹக்கு

“இல்முக்கு விலை ஏது? அது அல்லாஹ்வின் சொத்தன்றோ?” என்று சொல்லிக்கொண்டே, ஆலிம் ஒருவர் ஆண்டுக்கணக்கில் கண்விழித்து எழுதிய நூலை அவரைக் கேளாமலே அச்சிட்டு விற்கும் வழக்கம் நம்மவரிடையே இருந்து வருகிறது. தாள் வணிகருக்குப் பணம், அச்சகத்தாருக்குப் பணம், பைண்டிங் செய்தவருக்கும் பணம். எழுதியவருக்கு மட்டும் மறுமையில் நன்மையாம்! இல்மை மறைப்பது பாவம் என்பதை நாம் மறுக்கவில்லை. மறைப்பது வேறு, உழைப்புக்கு உரியதைக் கேட்பது வேறு.

“பதிப்புரிமை மேல்நாட்டார் சரக்கு, ஏழை நாட்டுக்கு ஒவ்வாது” என்பது அவர்களது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை உண்டு. 1847இல் கம்பெனி ஆட்சியே இச்சட்டத்தை இங்குக் கொணர்ந்தது. அமெரிக்காவோ 1891 வரை அயல்நாட்டு ஆசிரியருக்கு உரிமையே வழங்காமல், ஆங்கில நூல்களை அள்ளி அச்சிட்டுக் கொழுத்தது. பிற்காலத்தில் விடுதலை பெற்ற நாடுகள் தம் மாணவருக்கு மலிவு நூல் வேண்டுமென வாதாடின. இந்தியா அதில் முன்னின்றது. 1971இல் பாரிஸில் பெர்ன் உடன்படிக்கை திருத்தப்பட்டபோது, மொழிபெயர்க்கவும் மறுபதிப்பிடவும் அந்நாடுகளுக்குச் சலுகை கிடைத்தது. அச்சலுகையிலும் உரிமையாளருக்கு நியாயமான ஈடு தரவேண்டும் என்றே விதித்தார்கள். செல்வநாட்டுப் பதிப்பாளரிடம் போராடிப் பெற்றதை, அடுத்த தெருவில் வாழும் தமிழ் ஆசிரியர் மீது ஏவுவது எந்த நியாயம்? 1949இல் பாரதி நூல்களின் உரிமையைச் சென்னை அரசு ஏற்றபோதுகூட, அவர் குடும்பத்தாருக்குத் தொகை கொடுத்தே ஏற்றது.

உரிமை என்பது என்றென்றைக்குமான பூட்டு என்றும் நாம் சொல்லவில்லை. பெசன்ட் நகரில் எவர் பெயரால் ஏட்டுச்சுவடிகளைக் காக்கும் நூல்நிலையம் நிற்கிறதோ, அந்த உ.வே.சாமிநாதையர் 1942இல் மறைந்தார். ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டும் என்னும் நம் சட்டக் கணக்குப்படி, அவர் வாழ்நாளில் வெளியிட்டவற்றின் உரிமை 2002ஆம் ஆண்டோடு தீர்ந்தது. இன்று எவரும் அவற்றை அச்சிடலாம். (தாகூர் நூல்களின் உரிமை தீர்ந்த வேளையில், 50 ஆண்டை 60 ஆக நீட்டி 1992இல் திருத்தம் செய்தது நமக்கு உவப்பன்று; அது வேறு வழக்கு.)

ஷரீஅத்தின் தீர்ப்பைக் கேட்பார்க்கு ஒன்று: 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, நூலாசிரியர் உரிமையும் கண்டுபிடிப்பாளர் உரிமையும் ஷரீஅத்தால் காக்கப்பட்டவை, அவற்றை மீறலாகாது எனத் தீர்மானித்தது. மாற்றுக் கருத்துடைய உலமாக்களும் உண்டு. அவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் அக்கருத்தைத் தமக்கு அரணாகக் காட்டும் பதிப்பாளர், பிறர் நூலைத் தாம் அச்சிட்ட பின் அதன் முதற்பக்கத்தில் “உரிமை பதிவு செய்யப்பட்டது” என்று பொறிப்பது ஏனோ?