சந்தேகத்தின் பலன் யாருக்கு?

ஒரே பென் டிரைவ், இரண்டு கடவுச்சொற்கள். முதலாவதைக் கொடுத்தால் சாதாரணக் கோப்புகள் திறக்கும். இரண்டாவதைக் கொடுத்தால்தான், வெற்றிடம்போலத் தெரியும் பகுதிக்குள் இருக்கும் ரகசியப் பெட்டி திறக்கும். வெராகிரிப்ட் என்ற மென்பொருள் தரும் வசதி இது. மிரட்டிக் கேட்டால் முதல் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, "இவ்வளவுதான்" என்று சொல்லிவிடலாம். இன்னொரு பெட்டி இருப்பதை நிரூபிப்பது மிகக் கடினம். 1990களின் இறுதியில் ஜூலியன் அசாஞ்சே உள்ளிட்டோர் உருவாக்கிய ரப்பர்ஹோஸும் இதே யோசனைதான். சித்திரவதைக்கு ஆளாகக்கூடிய மனித உரிமைப் பணியாளர்களை மனதில் வைத்தே அதை எழுதினார்கள்.

நல்ல நோக்கம்தான். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இன்னொரு பெட்டி இருப்பதை நிரூபிக்க முடியாது என்றால், இல்லை என்பதையும் நிரூபிக்க முடியாது. எதையுமே மறைக்காதவரிடமும் "இன்னொரு பாஸ்வேர்டு எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். அந்த இடத்தில் கணிதம் முடிந்து, யார் சொல்லை நம்புவது என்ற கேள்வி தொடங்குகிறது. காவல் நிலையத்தில் "இவ்வளவுதான் சார்" என்று சேரி இளைஞர் சொல்வதற்கும் ஊர்ப் பெரியவர் வீட்டுப் பிள்ளை சொல்வதற்கும் ஒரே மதிப்பா? சந்தேகத்தின் பலனையும் சாதி பார்த்துத்தான் பங்கிடுகிறார்கள். போதாக்குறைக்கு, அதிகாரம் பெற்ற அமைப்பு கேட்டும் மறையாக்கத்தைத் திறக்க உதவ மறுத்தால் 7 ஆண்டுகள் வரை சிறை என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு.

பீமா கோரேகான் வழக்கில் இன்னொரு பக்கத்தையும் பார்த்தோம். 2018இல் ரோனா வில்சனின் லேப்டாப்பைக் கைப்பற்றினார்கள். அதில் மறைத்துவைக்கப்பட்ட ஒரு ஃபோல்டரில் இருந்த கடிதங்களே முக்கிய ஆதாரம் ஆயின. நெட்வயர் என்ற தீநிரல் வழியாக அவற்றை வெளியாள் ஒருவர் வைத்திருக்கிறார் என்று 2021இல் அமெரிக்காவின் ஆர்சனல் தடயவியல் நிறுவனம் அறிக்கை தந்தது. என்ஐஏ அதை ஏற்கவில்லை. ஸ்டான் சுவாமியின் கணினியிலும் இப்படியே கோப்புகள் வைக்கப்பட்டதாக 2022இல் அதே நிறுவனம் சொன்னபோது, அவர் காவலிலேயே இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. தன் கணினியில் எதையும் மறைக்காதவர் பெயரிலும் ரகசிய ஃபோல்டர் முளைக்கலாம் என்பதே இதன் பொருள்.

பென் டிரைவிலிருந்தே இயங்கும் டெயில்ஸ் இயங்குதளம் இந்த விஷயத்தில் நேர்மையானது. அதன் நிரந்தரச் சேமிப்புப் பகுதி பூட்டப்பட்டிருக்கும், ஆனால் மறைந்திருக்காது; அது இருப்பது பார்ப்பவருக்குத் தெரியும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. டெயில்ஸின் பலம் மறதியில் இருக்கிறது: அந்தப் பகுதியில் சேமிக்காத எதுவும் கணினியை அணைத்ததும் அழிந்துவிடும். களத்துக்குப் போகும் தோழர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். சாட்சி சொன்னவர்களின் பெயர்ப் பட்டியலை மறைத்து எடுத்துப் போவதைவிட, எடுத்துப் போகாமல் இருப்பதே மேல்.

ஆனால் மென்பொருள் மட்டும் நம்மைக் காப்பாற்றாது. ஒரு கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் மதிப்பு மாறிவிடும். 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டம் நீதிமன்றத்தில் தரும் சான்றிதழில் அந்த மதிப்பைக் கேட்கிறது. அது தாமதம். கருவியைக் கைப்பற்றும் அந்த நிமிடமே, உரியவர் முன்னிலையில் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு, அவர் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த ஆதாரம் செல்லாது என்று சட்டம் சொல்ல வேண்டும். அதுவரை சந்தேகம் நம் மேல்தான், அதன் பலன் அவர்களுக்குத்தான்.